லூர்தம்மாள் போட்ட தரை

எங்கள் ஊரில் லூர்தம்மாளை ஆண்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மேஸ்திரி’ என்பார்கள். மரியாதைக்கு இல்லை, கிண்டலுக்கு. படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை எங்கே வீடு எழும்பினாலும் அங்கே போய் இருபது வருஷம் சித்தாள் வேலை செய்தவள் அவள். சித்தாள் என்றால் மண் சுமக்கலாம், கலவை சுமக்கலாம், தண்ணீர் சுமக்கலாம். சுவர் பூசுகிற கரணையைக் கையில் தொடக்கூடாது. அது ஆண்பிள்ளை வேலை. ஆனால் கண்ணை யார் கட்ட முடியும்? இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்தே முழு வேலையையும் கற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்கு அவளே ஓடு மாற்றுவாள், அவளே சுவர் பூசுவாள், கதவு தொங்கினால் கீல் மாற்றி நிறுத்துவாள். ஏணிமேல் அவள் நிற்பதைப் பார்த்து டீக்கடையில் சிரிப்பார்கள். அதே ஆட்கள் தங்கள் வீடு ஒழுகும்போது, மேஸ்திரி யாரும் வராத மழை நாளில், அவள் வீட்டுப் புழக்கடைப் பக்கமாக வந்து நின்று, “லூர்தம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்” என்று குழைவார்கள். போவாள். செய்து கொடுப்பாள். ஒரு சொம்பு மோரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் டீக்கடையில் மறுபடியும் மேஸ்திரி.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. தேவசகாயம் என்று பெயர். ஒரகடம் ரோட்டில் அப்போதிருந்த ஒரு ஸ்பிரிங் கம்பெனியில் ஃபிட்டர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அதனால் நான் யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. சொல்ல வேறு யாரும் இல்லாததால் சொல்கிறேன்.

எங்கள் தெரு மேட்டில் இருக்கிறது. அவள் வீடு மட்டும் தெருக்கோடியில், ஏரி உபரித் தண்ணீர் ஓடுகிற கால்வாயை ஒட்டிய பள்ளத்தில். ஐப்பசி பிறந்தால் கால்வாய்த் தண்ணீர் நேராக அவள் வீட்டுக்குள் நுழையும். அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துச் சமைப்பாள். கணவன் சூசை மஞ்சள் காமாலையில் போய்ப் பத்து வருஷம். ஒரே மகள் அமலோற்பவம். எல்லாருக்கும் அமலா. தொண்ணூற்றொன்று தை மாதம் அவளைப் படப்பையில் கட்டிக் கொடுத்தாள். சித்திரைக்குள் அமலா முழுகாமல் இருக்கிற சேதி வந்துவிட்டது.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அந்தப் பெண் சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே குத்துவார்கள். லூர்தம்மாள் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு படப்பைக்குப் போனாள். சம்பந்தி ஞானம்மா பலகாரத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்துதான் பேச்சை எடுத்தாள்.

“தோ பாரு சம்மந்தி. புள்ள கார்த்திகைல பொறக்கும். அப்ப உன் வூட்ல தவளதான் குந்திகினு இருக்கும். அந்தத் தண்ணியில எம் மருமவளப் படுக்கப் போடச் சொல்றியா? தரைய ஒசத்து. ஒசத்திட்டு வந்து பேசு.”

அவள் கேட்டதில் தப்பில்லை. எந்த மாமியாரும் கேட்பாள். ஆனால் ஒரு வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்த எத்தனை வண்டி மண் வேண்டும் என்று வீடு கட்டுகிற இடத்தில் வேலை செய்பவளுக்குத் தெரியாதா? திரும்பி வந்தவள் வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். “தேவா, மண்ணு இருந்தாப் போதும்டா. மத்த வேலைய நானே பார்த்துக்குவேன்.”

மண்ணை விட நல்லது கிடைத்தது. ஈஸ்டர் முடிந்த கையோடு எங்கள் பழைய கோயிலை இடித்தார்கள். ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சுவருமாக வெள்ளைக்காரச் சாமியார் காலத்தில் கட்டிய சின்னக் கோயில். அதே இடத்தில் பெரிதாக கான்கிரீட்டில் கட்டப் போவதாகத் திட்டம். தேக்கு உத்தரமும் ஓடும் ஏலத்தில் போயின. மிச்சம் நின்றது இடிசல். மேஸ்திரிகள் பேச்சில் ரப்பீஸ். ஆள் உயரத்துக்கு உடைந்த செங்கல்லும் காரைக்கட்டியும் குவிந்து கிடந்தன. ஆனி மாதம் ஆயர், அதாவது பிஷப், வந்து அடிக்கல் நாட்ட வேண்டும். லாரி வைத்து அள்ளிக் கொட்டக் கமிட்டிக்கு மனசில்லை. கமிட்டித் தலைவர் சவரிமுத்து குவியலைச் சுற்றி இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் லூர்தம்மாளைக் கூப்பிட்டார்.

“இன்னா மேஸ்திரி, உனுக்குத்தான் பள்ளம் கீதே. இத்த வாரிகினு போயேன். ஆயர் வர்றதுக்குள்ள எடம் சுத்தமாவணும்.”

“எல்லாத்தயுமா?”

“ஒரு கல்லு வுடாத.”

அவள் அங்கேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். கடவுளே பார்த்துக் கொடுத்தார் என்று நம்பினாள்.

பகலெல்லாம் சித்தாள் வேலை. வேலை விட்டு வந்ததும் தலையில் சும்மாடு, மேலே இரும்புச் சட்டி. கோயிலிலிருந்து அவள் வீடு முக்கால் பர்லாங்கு. சட்டி போகும், வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தொடங்கி இருட்டும் வரை சுமப்பாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சுண்ணாம்பு அவள் உள்ளங்கையைத் தின்றது. விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடியும் சட்டியைத் தூக்குவாள்.

அவள் மட்டும் எடுக்கவில்லை. ஊரே எடுத்தது. சவரிமுத்து வீட்டு மாட்டுத்தொட்டி கோயில் செங்கல். கோயில் உபதேசியார் வீட்டுப் படிக்கட்டு கோயில் செங்கல். நான் குளிக்கிற இடத்துக்கு நாலு பலகைக்கல் எடுத்து வந்தேன். அதில் ஒன்றில் ஏதோ வேலைப்பாடு செதுக்கியிருந்தது. கால் இடறும் என்று அந்தப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டேன். பதித்துக் கொடுத்தது லூர்தம்மாள்தான். கவிழ்த்த கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கலவையை அள்ளி வைத்தாள்.

அவளுக்கும் ஒரு கல் அகப்பட்டது. பீடம் இருந்த இடத்தில், காரைக்கட்டிகளுக்கு அடியில். ஒரு முழத்துக்கு ஒரு முழம், கறுப்புக் கல். நாலு மூலையில் நாலு சிலுவை, நடுவில் ஒன்று. நடுச் சிலுவைக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி. பழைய பூசைகளில் சாமியார் அப்பமும் திராட்சை ரசமும் வைப்பாரே, அந்தப் பீடக்கல். அதில் ஏதாவது ஒரு புனிதருடைய எலும்புத் துண்டை வைத்து மூடியிருப்பார்கள். அதைத் திருப்பண்டம் என்போம். எங்களில் பாதிப் பேருக்கு அந்த விவரம் தெரியாது. அவளுக்கும் தெரியாது. சிலுவை இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு உபதேசியார் வீட்டுக்கு ஓடினாள். நான் அப்போது கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். என் கண்ணால் பார்த்தது இது. சாமியார் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளில் கோயிலுக்கு எல்லாம் உபதேசியார்தான். முகமெல்லாம் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார்.

“அய்யா, சிலுவ போட்ட கல்லு ஒண்ணு கீது. அத்த இன்னா செய்யறது?”

கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார். “கல்லுன்னா கல்லுதாம்மா. எடுத்துகினு போ.”

எடுத்துக்கொண்டு போனாள். ஆனால் மற்றக் கற்களோடு சேர்த்து அதைத் தரையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. சிலுவைமேல் கால் படக் கூடாது. நாங்கள் எல்லாரும் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது அது. நாங்கள் கேட்டதோடு சரி. அவள் வாசல் நிலைக்கு மேலே சுவரில் ஒரு பொந்து இடித்து, கல்லைச் சிலுவை தெரிகிற மாதிரி பதித்து, சுற்றிலும் சிமெண்டில் கரை கட்டினாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். அரை நூல் கோணல் இல்லை.

தரை வேலையை நான் கூட இருந்து பார்த்தேன். செங்கலையெல்லாம் சம்மட்டியால் ஜல்லியாக உடைத்தாள். ஒரு சாண் கொட்டுவாள், தண்ணீர் தெளிப்பாள், திம்மிசுக் கட்டையால் இடிப்பாள். மறுபடி ஒரு சாண். இரண்டடி ஏறியதும் மேலே சிமெண்டுப் பூச்சு. கூலியில் மிச்சம் பிடித்து ஒவ்வொரு மூட்டையாக வாங்கிய சிமெண்ட். ஏழு நாள் சாக்கு போட்டு நனைத்தாள். ஆனி கடைசியில் சாக்கை எடுத்தபோது ஆஸ்பத்திரித் தரை மாதிரி இருந்தது. ஒரு மேஸ்திரி கூட அவள் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. முழுக்க அவள் கை.

ஆடி கழிந்து ஞானம்மா பார்க்க வந்தாள். சும்மா பார்க்கிறவளா அவள்? ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கி நாலு மூலையிலும் ஊற்றினாள். தண்ணீர் எங்கும் நிற்காமல் வழிந்து வாசல் ஓரத்துத் துவாரத்தில் போய் இறங்கியது. குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

“யாரு மேஸ்திரி?”

“நான்தான்.”

ஞானம்மா இன்னொரு தடவை தரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள். ஆவணியில் ஏழாம் மாத வளையல் அடுக்கி அமலாவை அனுப்பிவைத்தாள். அந்த ஒரு மாதம் லூர்தம்மாள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அமலா வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குப் பிழிவாள். கட்டில் எதற்கு, தரையே போதும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பஸ் ஏறப் போகிற பெண்கள் நிலைக்கு மேலே இருந்த சிலுவைக் கல்லைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் மெழுகுவர்த்தி கூட ஏற்றினார்கள். அவள் யாரையும் ஏற்றச் சொல்லவில்லை. ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சேதி சவரிமுத்து காதுக்குப் போயிற்று. “மேஸ்திரி தனியா கோயில் கட்டிட்டாளா?” என்று டீக்கடையில் கேட்டுச் சிரித்தார். அப்போது சிரிப்போடு போயிற்று.

அதற்குள் புதுக்கோயில் வேலை அஸ்திவாரம் ஏறி பேஸ்மட்டம் வரை வந்திருந்தது. ஆயருடைய மேற்றிராசனத்திலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்தார். ஏரிக்குப் பக்கம், மூன்றடியாவது உள்ளே நிரப்பித் தரையை ஏற்ற வேண்டும், மழைக்கு முன்னால் நிரப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நிரப்ப என்ன இருக்கிறது? இருந்ததை எல்லாம் வாரிக் கொடுத்தாகிவிட்டது. கிராவல் லாரிக்காரன் சொன்ன வாடகையைக் கேட்டு சவரிமுத்து ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் அவருக்குத் திடீரென்று பக்தி வந்தது.

புரட்டாசி முதல் ஞாயிறு. சாமியார் வராத ஞாயிறு. ஜெபம் முடிந்ததும் சவரிமுத்து, கோயில் எழும்பும் வரை பூசை நடக்கிற கீற்றுக் கொட்டகையிலேயே எல்லாரையும் உட்காரச் சொன்னார். லூர்தம்மாளை எழுந்து நிற்கச் சொன்னார்.

“திருப்பண்டம் இருந்த பீடக்கல்ல எடுத்துகினு போயி வூட்டு வாசல்ல வெச்சிகினு, மெழுகுவத்தி ஏத்தவுட்டுகினு கீற. யார கேட்டு எடுத்த?”

“உபதேசியார கேட்டங்க.”

உபதேசியார் துள்ளி எழுந்தார். “நானா? எப்ப? எங்கிட்ட இவ ஒரு வார்த்த கேக்கல. தொட்டா பாவம்னு தெரியாதவனா நான்?”

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அன்று நுரை காய்ந்து அவர் கன்னத்தில் ஒட்டியிருந்தது கூட நினைவிருக்கிறது. எழுந்து சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் எழுந்தால் அடுத்த கேள்வி, நீ என்ன எடுத்தாய் என்று வரும். நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“கல்லு மட்டும் இல்ல,” என்றார் சவரிமுத்து. “மந்திரிச்ச கோயிலு. அதோட ஒவ்வொரு செங்கல்லும் மந்திரிச்சது. அத்த போட்டு மேல படுத்துக்கறது, சமைக்கறது, இன்னும் கொஞ்ச நாள்ல புள்ள பெக்கறது... கோயில் மண்ணு மேல தீட்டா? ஒரு கல்லு கூட அந்த வூட்ல இருக்கக் கூடாது. எல்லாத்தயும் தோண்டி எடுத்தாந்து பேஸ்மட்டத்துல கொட்டணும். இல்ல, அமலா புள்ளைக்கு இந்தக் கோயில்ல ஞானஸ்நானம் கெடயாது. உனுக்கு சாவுக்கு மணியும் அடிக்க மாட்டோம்.”

“நீங்கதான எடுத்துகினு போவச் சொன்னீங்க?”

“ரப்பீஸ் எடுத்துகினு போவச் சொன்னேன். கோயில எடுத்துகினு போவச் சொன்னனா?”

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் இருந்து ஒரு கிழவர், மற்றவர்கள் எடுத்ததும் கோயில் கல்தானே என்று முனகினார். சவரிமுத்து அவரைத் திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடி பக்திக்காக எடுத்தது, அது வேறு என்றார். கிழவர் குனிந்துகொண்டார்.

லூர்தம்மாள் எங்கள் எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். எந்த வீட்டில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. பாதி வீட்டில் பதித்தவளே அவள்தான். மாட்டுத்தொட்டி, படிக்கட்டு, நான் குளிக்கிற இடம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். அவள் கண் என்மேல் வந்து ஒரு நொடி நின்றது. அப்புறம் நகர்ந்துவிட்டது. “சரிங்க,” என்றாள். அவள் ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்கிற தைரியமும் எனக்கு வரவில்லை.

நாலு நாள் தவணை கொடுத்தார்கள். கடப்பாரையால் முதல் குத்து விழுந்தபோது என் வீட்டில் கேட்டது. அவள் இடித்து இடித்து இறுக்கிய தரை, சுலபத்தில் பெயர்ந்து வருமா? வேறு யாராவது அரைகுறையாகப் போட்டிருந்தால் அரை நாளில் பிய்ந்திருக்கும். தான் ஒழுங்காகச் செய்த வேலையே அவளை வதைத்தது. அமலா வெளியே புங்க மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாத வயிறு. அம்மா ஒவ்வொரு குத்துக்கும் மூச்சு வாங்குவதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய் இரண்டு துண்டைச் சட்டியில் எடுத்துப் போட்டாள். “நீ குந்துடி!” என்று லூர்தம்மாள் கத்திய கத்தலில் தெருவே எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்ததோடு சரி. யாரும் இறங்கி வரவில்லை.

நானும் போகவில்லை. அந்த நாலு நாளும் ஓ.டி. எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் ஓ.டி. வேண்டாம் என்றுதான் சொன்னான். நான் கெஞ்சி வாங்கினேன்.

சிமெண்டுப் பூச்சும் அவள் காசில் வாங்கியதுதானே, அதையாவது விடலாமே என்று யாரோ சவரிமுத்துவிடம் சொன்னார்களாம். காரையோடு ஒட்டியது எல்லாம் கோயிலுக்குத்தான் என்றாராம். மூன்றாம் நாள் அவரே வந்து உள்ளே நின்று, மூலையில் ஒட்டியிருந்ததைக் கூடச் சுரண்டச் சொன்னார். சுரண்டினாள். சுரண்டியதில் பழைய மண்ணும் சேர்ந்து வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் முன்னால் இருந்ததை விட அரை அடி பள்ளம்.

எல்லாச் சட்டியும் போய்ப் புதுக்கோயில் பேஸ்மட்டத்துக்குள் விழுந்தது. பேஸ்மட்டம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. இன்ஜினியர் வந்து பார்த்து, நல்ல செங்கல் ஜல்லி, யார் உடைத்தது என்று பாராட்டினாராம். அந்தப் பாராட்டையும் சவரிமுத்து வாங்கி வைத்துக்கொண்டார். மிச்சத்துக்கு இரண்டு லாரி கிராவல் அடித்தார்கள். அதைச் சமன் செய்து இடிக்க ஆள் தேடியபோது அவருக்கு லூர்தம்மாள் ஞாபகம்தான் வந்தது. “நீதான் நல்லா திம்மிசு போடுவியே, கூலிக்கு வா.” அவளும் வந்தாள். வராமல் என்ன செய்வாள்? ஒரு வாரமாக வேலைக்குப் போகாதவள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

பீடக்கல்லைத் துணியில் சுற்றிச் சாமியாருக்காகக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். சாமியார் வந்தார். துணியை விலக்கிக் குழிக்குள் விரல் விட்டுப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் அவருக்குக் கீழே ஏழு ஊர்.

“இது காலி. திருப்பண்டத்தை எப்பவோ எடுத்து ஆயர் இல்லத்துல வச்சிட்டாங்க. இது இப்ப வெறும் கல்லுதான். புதுப் பீடத்துக்கு மார்பிள் வருது. இத உள்ள போட்டுடுங்க.”

“சாமி,” என்றாள் லூர்தம்மாள். திம்மிசுக் கட்டையைப் பிடித்தபடி பேஸ்மட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். “சிலுவ கீது சாமி. கால் படற எடம்.”

சாமியார் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டார். அடுத்த ஊர்ப் பூசைக்கு நேரமாகியிருந்தது. சவரிமுத்து கல்லைத் தூக்கி உள்ளே எறிந்தார். அது சிலுவைப் பக்கம் மேலே தெரிய விழுந்தது. “ம், போடு,” என்றார் அவளைப் பார்த்து. அவள் குனிந்து கல்லைத் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொண்டாள். சுற்றியிருந்த ஜல்லியைக் கையால் வாரி அதை மூடினாள். அப்புறம் கட்டையைத் தூக்கி இடித்தாள். நான் அன்று லீவு. பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு மறுநாள் ஞானம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் ஒரு பாய், ஒரு அடுப்பு. அமலாவின் துணிகளைத் தானே பையில் திணித்தாள்.

“கோயில் சொத்தத் திருடி அதும்மேல எம் பேரப்புள்ளயப் பெக்க வெக்கப் பாத்தியா? ஏறுடி வண்டில.”

“சம்மந்தி, ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்குமாவது...”

“எந்த மூஞ்சிய வெச்சிகினு பேசற நீ?”

ஆட்டோ போயிற்று. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் அவள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஓடுகளுக்குக் கீழே பரண் கட்டி அதில் பத்து நாள் கிடந்தாள். என் வீட்டுக்கு வா அக்கா என்று கூப்பிட்டேன். வரவில்லை.

கார்த்திகையில் அமலாவுக்கு ஆண் குழந்தை. அமலாவைப் பெற்றவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. படப்பைச் சந்தைக்குப் போன ஒருத்தி சொல்லித்தான் எட்டாம் நாள் தெரிந்தது. லூர்தம்மாள் என் வாசலில் வந்து நின்றாள். “வண்டியில இட்டுனு போறியா தேவா?” அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான். டி.வி.எஸ். ஃபிப்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். மடியில் ஒரு சின்ன மூட்டை. பழைய சேலையில் தைத்த நாலு குழந்தைத் துணி.

ஞானம்மா எங்களை வாசலோடு நிறுத்தப் பார்த்தாள். அமலாவின் கணவன் வீட்டில் இருந்ததால் வழி விட்டாள். உள்ளே அமலா கட்டிலில் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை. லூர்தம்மாள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள்.

“அந்தக் கையால தொடாத,” என்றாள் ஞானம்மா. “சொரசொரன்னு கீது. புள்ளத் தோலு கீறிடும்.”

லூர்தம்மாள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். சுண்ணாம்பு தின்ற வெடிப்பு இன்னும் ஆறவில்லை. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். மகள் ஏதாவது சொல்வாள் என்று நான் நினைத்தேன். மாமியார்க்காரியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். அமலா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். அழுகிற குரலில் பேசினாள்.

“அந்தக் கல்ல ஏம்மா வாசல்ல வெச்ச? ஊர்ல எல்லாரும் இன்னா பண்ணாங்கோ? கவுத்துப் போட்டு மேல நின்னுகினு குளிக்கிறாங்கோ. யார ஒருத்தர் கேட்டாங்களா? நீயும் எல்லாத்தோட அத்தயும் தரையில போட்டு மூடியிருந்தா எவனுக்குத் தெரியும்? நான் இப்ப நம்ம வூட்ல படுத்துகினு இருப்பேன்.”

என் குளியலிடத்துக் கல்லைப் பற்றி அம்மா அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். யாரைச் சொல்கிறாள் என்று அங்கே கேட்டவர்களில் எனக்கும் லூர்தம்மாளுக்கும்தான் தெரியும். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். லூர்தம்மாள் என் பக்கம் திரும்பவில்லை. கொண்டுவந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கை படாமல் நுனியைப் பிடித்துக் கட்டில் ஓரத்தில் அடுக்கினாள். குழந்தையை எட்ட இருந்தே பார்த்தாள். மகள் சொன்னதை அவள் யோசிக்கிறாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது.

“ஆமாடி,” என்றாள். “நீ சொல்றது சரிதான். இனிமே கெடச்சா காலுக்குக் கீழயே போட்டுர்றேன்.”

கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. ஒரு வேலையைத் தப்பாகச் செய்துவிட்டதாகவும் அடுத்த தடவை சரியாகச் செய்வதாகவும் மேஸ்திரியிடம் ஒப்புக்கொள்கிற சித்தாளின் குரலில் சொன்னாள்.